பொட்டைக் குட்டியைச் சாலையில் விடலாமா?

நாய் குட்டி போட்டிருக்கிறது என்றால் நம் ஊர்ப்பக்கம் முதலில் கேட்கும் கேள்வி, "கடுவன் எத்தனை, பொட்டை எத்தனை?" என்பதுதான். கடுவன் குட்டிகளுக்குக் கண் திறக்கும் முன்பே ஆள் சொல்லி வைத்து விடுவார்கள். பொட்டைக் குட்டிகளை யாரும் கேட்பதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் இரவு சாக்கில் போட்டுக் கட்டி, பக்கத்து ஊர் எல்லையிலோ சந்தைப்பேட்டையிலோ கறிக்கடை ஓரத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். கொன்றால் பாவம், விட்டால் எப்படியாவது பிழைத்துக் கொள்ளும் என்று மனத்தைத் தேற்றிக் கொள்கிறோம்.

இது பாவ புண்ணியத்தோடு முடிகிற காரியமாக இருந்தால் விவசாயப் பகுதியில் இதைப் பற்றி எழுத வேண்டிய அவசியமில்லை. இது நமது ஆட்டுப்பட்டியைத் தொடுகிற காரியம். ஆகவேதான் எழுதுகிறேன். நானும் தோட்டத்தில் நாய் வளர்ப்பவன்; நாய் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாய் வைத்திருப்பவன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால், அதன் பலனை ஆடு வைத்திருப்பவன் அனுபவிக்கிறான் என்பதே என் கருத்து.

பட்டியில் விழுந்த அடி

2024, 2025 ஆகிய ஆண்டுகளில் திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் நடந்ததைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். கிளுவை வேலி போட்ட கொரங்காடுகளிலும் தோட்டத்துப் பட்டிகளிலும் இரவில் நாய்க்கூட்டம் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியது. செத்த ஆடுகளை எடுத்துவந்து சாலையில் போட்டு விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். மழையை நம்பிய மானாவாரிக் காட்டில் பயிர் ஏமாற்றினாலும் ஆடு கை கொடுக்கும் என்று வாழ்கிற சிறு விவசாயிக்கு, ஒரே இரவில் பத்து ஆடு போவது என்பது பிள்ளையின் படிப்புச் செலவும் அடுத்த போகத்து விதைச் செலவும் சேர்ந்து போவதாகும்.

இத்தகைய நாய்கள் பசிக்காக மட்டும் கொல்வதில்லை. ஓர் ஆடு மிரண்டு ஓடியவுடன் துரத்திப் பிடிக்கும் இயல்பு நாய்க்குக் கிளம்பிவிடும். பட்டிக்குள் ஆடுகள் தப்ப வழியின்றிச் சுற்றிச் சுற்றி ஓடும்போது நாய்கள் கடித்துக்கொண்டே போகும். ஒன்றைத் தின்று மற்றதை விடுவது என்பது கிடையாது. கடிபட்டுப் பிழைத்த ஆடும் புண் சீழ் பிடித்துப் பல நாள் கழித்துச் சாவதுண்டு. சினை ஆடுகள் கருக்கலைந்து போவதும் உண்டு.

இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? வானத்திலிருந்து விழவில்லை. காட்டிலிருந்தும் வரவில்லை. நாமும் நம் அண்டை அயலாரும் சாக்கில் கட்டி விட்டுவந்த பொட்டைக் குட்டிகளின் வாரிசுகள்தாம் இவை. பகலில் நம் வீட்டு வாசலில் சாதுவாகப் படுத்திருந்து, இரவில் கழற்றி விட்டவுடன் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிற வீட்டு நாயும் இவற்றில் உண்டு.

ஒரு சிறு கணக்கு

பொட்டை நாய் ஏறத்தாழ ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று வைத்தால் ஆண்டுக்குப் பத்துக் குட்டிகள். சாலையில் விட்ட குட்டிகளில் பெரும்பாலானவை வண்டியில் அடிபட்டும் நோயிலும் பசியிலும் மடிந்து போகும். ஒவ்வொரு தாய்க்கும் ஆண்டுக்கு ஒரே ஒரு பொட்டைக் குட்டி மட்டும் பிழைத்து, அதுவும் தாயாகிறது என்றே வைத்துக் கொள்வோம். முதல் ஆண்டில் ஒன்றாக இருந்தது இரண்டாம் ஆண்டில் இரண்டு, மூன்றாம் ஆண்டில் நான்கு, நான்காம் ஆண்டில் எட்டு, ஐந்தாம் ஆண்டில் பதினாறு ஆகிவிடும். இடையில் சில சாகும் என்பது உண்மை. ஆனாலும் பத்தில் ஒன்பது செத்த பிறகும் கூட்டம் பெருகவே செய்யும் என்பதை இக்கணக்கு காட்டும்.

இக்கூட்டத்துக்குச் சோறு போடுவதும் நாம்தான். கறிக்கடைக் கழிவை ஓடையில் கொட்டுகிறோம். பண்ணையில் செத்த கோழியைக் குழி வெட்டிப் புதைக்காமல் வேலிக்கு அப்பால் வீசுகிறோம். பச்சை இறைச்சியும் இரத்தமும் ருசி கண்ட நாய்க்கூட்டம், கழிவு கிடைக்காத நாளில் பட்டியைத் தேடி வருவதில் வியப்பில்லை.

கருத்தடை பற்றிய தவறான எண்ணங்கள்

இதற்கு வழி ஒன்றுதான். வளர்க்கிற நாய்க்கு, அது ஆணானாலும் பெண்ணானாலும், குட்டி தேவையில்லை என்றால் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும். ஆறு மாத வயதுக்கு மேல் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி செய்துகொள்ளலாம். மத்திய அரசு 2001-ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளுக்குப் பதிலாக 2023-இல் வெளியிட்ட பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும் வளர்ப்பவரின் பொறுப்பு என்றே கூறுகின்றன.

"கருத்தடை செய்தால் நாய் சோம்பேறியாகிவிடும், காவல் காக்காது" என்று பலர் சொல்கிறார்கள். இது சரியல்ல. நாய் காவல் காப்பது தன் இடம், தன் எசமானர் என்ற பற்றினால். அது கருப்பையிலோ விதையிலோ இல்லை. அறுவைக்குப் பின் உடல் பெருப்பது உண்டு. தீனியைச் சற்றுக் குறைத்து ஓடவிட்டால் போதும். உண்மையில் காவலுக்கு இதுதான் நல்லது. பருவத்துக்கு வந்த பொட்டை நாயின் வாடை பிடித்துக் கொண்டு கடுவன் நாய் தோட்டத்தை விட்டு மூன்று நாள், நான்கு நாள் காணாமற் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நாட்களில் களத்துமேட்டுக்கும் பட்டிக்கும் யார் காவல்?

"ஓர் ஈற்றாவது ஈன்ற பிறகுதான் செய்ய வேண்டும்" என்பது இன்னொரு எண்ணம். இதற்கும் ஆதாரமில்லை. முன்கூட்டியே செய்த பொட்டை நாய்க்கு மடிக்கட்டி வருவது குறைகிறது. வயதான பொட்டை நாய்களைக் கொல்லும் கருப்பைச் சீழ் நோய்க்கு இடமில்லாமற் போகிறது. இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டியும் நம் ஊர் நாய்களில் சாதாரணமாகக் காணப்படுவது. இரத்தம் சொட்டிக்கொண்டு திரியும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்தும் தப்பிக்கலாம்.

அறுவை செய்யும் வரையில் பொட்டை நாயைப் பருவ காலத்தில் சுமார் மூன்று வாரம் அடைத்து வைக்க வேண்டும். இரத்தக் கசிவு வெளுத்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைத்துப் பலர் திறந்து விடுகிறார்கள். அப்போதுதான் அது ஆணை ஏற்கும் தருணம் என்பதை நினைவில் கொள்க.

குட்டி விற்றுப் பணம் பண்ணலாமா?

இப்போது வேறொரு பேச்சும் கிராமங்களில் நுழைந்திருக்கிறது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நமது நாய் இனங்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இவ்வினங்களின் பெயரைச் சொன்னார். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வள நிறுவனத்தில் இனங்களாகப் பதிவு பெற்றுள்ளன. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியவையே. ஆனால் "இரண்டு பொட்டை வாங்கிக் கட்டினால் போதும், ஆண்டுக்கு இருபது குட்டி, கறவை மாட்டை விட இலாபம்" என்று தரகர்கள் சொல்வதைக் கேட்டு, கடன் வாங்கி நாய் கட்டுகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். விற்ற குட்டி குரைக்காமல் இருக்கலாம். விலை போகாத குட்டி என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. நிறம் சரியில்லாதது, காது கேளாதது, பொட்டையாகப் பிறந்தது, நான்கு மாதம் ஆகியும் ஆள் வராதது என்று ஒவ்வோர் ஈற்றிலும் மிச்சம் விழும். அம்மிச்சமும் கடைசியில் சாலைக்கே போகிறது. வேகமாக ஓடவென்றே வளர்த்த சிப்பிப்பாறை இரத்தம் கலந்த நாய் தெருநாய்க் கூட்டத்தில் சேர்ந்தால் ஆட்டுக்காரன் கதி என்ன?

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி குட்டி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பொட்டை நாய் 18 மாதம் நிரம்பிய பிறகே இணை சேர்க்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது; ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. இவ்விதிகளைப் படித்தவுடனே தரகர் சொல்லும் இருபது குட்டிக் கணக்குப் பொய்த்துப் போகிறது அல்லவா?

எட்டு வாரம் என்பது வீண் கண்டிப்பு அல்ல. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும் காலத்தில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாய் கற்கிறது. ஒரு மாதக் குட்டியைப் பிரித்துக் கொண்டுவந்து தனியே கட்டினால் பயமும் மூர்க்கமும் உள்ள நாயாக வளர இடமுண்டு.

வெள்ளை மட்டும் போதாது

இனம் பார்த்து வாங்க விரும்புகிறவர்கள் சிலவற்றை ஆராய வேண்டும். இராஜபாளையம் நாய்க்கு வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அழகு. ஆனால் அவ்வெள்ளையோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது இவ்வினத்தில் அறியப்பட்ட குறை. காது கேளாத நாய் காவலுக்கு எப்படி உதவும்? குட்டிகள் உறங்கும்போது பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டி இருந்தால் அதை மட்டுமல்ல, அந்த ஈற்றையே யோசித்து வாங்க வேண்டும். "சுத்த இரத்தம்" என்று சொல்லி அண்ணனையும் தங்கையையும், தாயையும் மகனையும் சேர்க்கிறார்கள். இதனால் மறைந்திருக்கும் குறைகள் மேலே வரும். குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும். காளை விஷயத்தில் நமக்குத் தெரிந்த நீதியை நாய் விஷயத்தில் மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் ஓட்ட நாய்கள். முயல் பிடிக்க வளர்த்தவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல் வேட்டைக்கு நாயை விடுவது குற்றம். ஓட இடமில்லாதவர் அந்நாயை வாங்கிக் கட்டிப்போடுவது அதற்குத் தண்டனையே. ஆடு, கோழி உள்ள இடத்தில் சிறு வயதிலிருந்தே பழக்காமல் விட்டால் நம் ஆட்டையே துரத்தும்.

வடநாட்டுப் பனிப்பிரதேச நாய்களையும் சப்பை மூக்கு நாய்களையும் வாங்குவோரைப் பற்றி ஒரு வார்த்தை. நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்தே உடல் சூட்டைத் தணிக்கிறது. அடர்ந்த உரோமமுள்ள நாய்க்கு நமது சித்திரை வெயில் நரகம். மூக்குச் சப்பையான நாய்க்கு மூச்சுவிடுவதே சிரமம். குட்டி போடவும் பல சமயம் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கிறது. பகட்டுக்காக ஓர் உயிரை வதைப்பது தகாது.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு எந்தப் பெயரும் இல்லாத சாதாரண நாட்டு நாயே போதும் என்பேன். நமது வெயிலுக்கும் நமது சோற்றுக்கும் பழகியது. செலவு குறைவு. அதிலும் அந்தத் தள்ளிவிடப்பட்ட பொட்டைக் குட்டியையே எடுத்து, கருத்தடை செய்து வளர்த்துப் பாருங்கள். கடுவனைப் போல ஊர் சுற்றாது. பட்டியை விட்டு நகராது.

கட்டிப்போட்ட நாய் காவல் நாயா?

பல தோட்டங்களில் நான்கு முழக் கயிற்றில் இரவும் பகலும் நாய் கட்டிக் கிடக்கிறது. நிழல் நகர்ந்தால் நாய் நகர வழியில்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால் எடுத்து வைக்க ஆளில்லை. 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம், நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதையும், எப்போதும் கட்டியே வைத்த நாயை நடமாட விடாததையும், பசியால் வாடும்படி கைவிடுவதையும் கொடுமை என்றே வகுத்திருக்கிறது. அச்சட்டத்தில் முதல் குற்றத்துக்கு வைத்திருந்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அபராதத்துக்கு அஞ்சி யாரும் திருந்தப் போவதில்லை. நமக்கு நாமே உணர வேண்டியது இது.

கழற்றி விட்டால் அடுத்தவர் ஆட்டைக் கடிக்கும், கட்டினால் கொடுமை என்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். எளிய வழி இருக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு இடையே முப்பது நாற்பது அடி நீளத்துக்கு, ஆள் தலைக்கு மேலே, கெட்டிக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். அதில் ஒரு வளையத்தைக் கோத்து வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள். கம்பத்தில் சங்கிலி சுற்றிக் கொள்ளாமல் இருக்க, இரு முனையிலும் சிறிது தள்ளி ஒரு முடிச்சோ தடையோ வையுங்கள். நாய் பட்டி நெடுக ஓடிக் காவல் காக்கும். நிழலும் தண்ணீரும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். காலையில் ஒரு மணி நேரம் உடன் அழைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்தால் நாய்க்கும் நல்லது, பயிருக்கும் நல்லது.

எலி மருந்து, குருணை மருந்து, பூச்சி மருந்துப் புட்டி ஆகியவற்றை நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் சட்டவிரோதமானது மட்டுமல்ல. முதலில் வாய் கிழிந்து சாவது பெரும்பாலும் நம் நாயோ மாடோதான். வேக வைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெறும் சோறு மட்டும் போட்டால் நாய் வளராது. கேழ்வரகு, கம்பு, முட்டை, கொஞ்சம் மோர் என்று நம் வீட்டில் உள்ளதைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

வெறிநோய்த் தடுப்பு

எதைச் செய்யாவிட்டாலும் வெறிநோய்த் தடுப்பூசியை விடக்கூடாது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. அறிகுறி தோன்றிவிட்டால் இந்நோய்க்குச் சிகிச்சை பலிப்பதில்லை. லூயி பாஸ்டர் 1885-இல் மனிதருக்குத் தடுப்பூசி போட்டுக் காட்டினார். நமது குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. இத்தனைக்குப் பின்னும் நம் நாட்டில் நாய்க்கடியால் மனிதர் சாவது வெட்கத்துக்குரியது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தவணை தவறாமல் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைப்பது உதவாது. பசுவையோ ஆட்டையோ வெறிநாய் கடித்தாலும் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போடச் செய்ய வேண்டும்.

அரசுக்கு ஒரு வார்த்தை

எல்லாப் பழியையும் விவசாயி மேல் போடுவது நியாயமாகாது. கருத்தடை செய்யுங்கள் என்று சொல்வது எளிது. கிராமத்துக் கால்நடை மருந்தகங்கள் பலவற்றில் அறுவைக்கு வசதி கிடையாது. நகரத்துக்கு வண்டி வைத்து நாயைக் கொண்டுபோய்த் தனியார் மருத்துவரிடம் செய்ய ஆகும் செலவு, கூலிக்காரனின் பல நாள் சம்பளம். ஊருக்கு வரும் கால்நடை மருத்துவ முகாம்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பார்ப்பது போல, ஒன்றியத்துக்கு மாதம் ஒரு நாளாவது நாய்க் கருத்தடைக்கென்று ஒதுக்கி, சிறு விவசாயிகளின் வளர்ப்பு நாய்க்கு இலவசமாகச் செய்து தர வேண்டும். செத்த ஆட்டுக்கு இழப்பீடு கொடுப்பது தேவைதான். ஆடு சாகாமல் இருக்கச் செலவிடுவது அதைவிடச் சிக்கனம். கறிக்கடைக் கழிவையும் பண்ணைக் கழிவையும் வெளியில் கொட்டுவோர் மீது ஊராட்சிகள் தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அரசு செய்கிற வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் நாய் வளர்க்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், ஒரே வண்டியில் பத்துப் பொட்டை நாய்களையும் கொண்டுபோய் ஒரே நாளில் செய்துவரலாம். மருத்துவரிடம் பேசிச் செலவையும் குறைக்கலாம். ஆடு வைத்திருப்பவர்கள் அச்செலவில் பங்கு கொடுத்தாலும் நட்டமில்லை. பத்து நாய்களுக்கு ஆகும் செலவு, பட்டியில் ஓர் இரவில் போகும் ஆடுகளின் விலைக்குள் அடங்கிவிடும்.

ஆகவே விவசாய நண்பர்களே, அடுத்த முறை உங்கள் நாய் பருவத்துக்கு வருமுன் முடிவு செய்யுங்கள். குட்டிகளுக்கு வீடு பார்த்து வைத்திருந்தால் மட்டுமே ஈன விடுங்கள். வீடு இல்லையென்றால் அறுவை செய்துவிடுங்கள். ஏற்கெனவே பிறந்துவிட்ட குட்டிகளை, பொட்டையானாலும், எட்டு வாரம் வைத்திருந்து ஊசி போட்டுக் கேட்பவருக்குக் கொடுங்கள். கேட்பார் இல்லையென்றால் கருத்தடை செய்து உங்கள் தோட்டத்திலேயே வைத்துக் கொள்ளுங்கள். சாக்கை மட்டும் எடுக்காதீர்கள்.